கார்லோஸ் க்ளைபரைப் பார்ப்பது எப்படி?

“எல்லாருக்கும் முன்னால் நோட்ஸ் இருக்கிறது, எல்லாரும் படித்துத் தேறியவர்கள். அப்புறம் ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் அந்த மனுஷன் எதற்குக் குச்சியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்?” கோடம்பாக்கத்து ரெக்கார்டிங்குகளில் செகண்ட் வயலின் (வயலின்களின் இரண்டாவது கூட்டம்) வாசித்துப் பிழைத்த எனக்குக் கல்யாண வீடுகளில் அதிகம் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. வாயால் சொன்னால் யாருக்கும் ஏறுவதில்லை என்பதால் இப்போதெல்லாம் கார்லோஸ் க்ளைபர் என்ற கண்டக்டர் (குச்சியோடு நிற்கும் அந்த மனுஷனுக்குப் பெயர் அதுதான்) நடத்திய கச்சேரி ஒன்றைப் போட்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டிவிடுகிறேன். அதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஏன் க்ளைபர்? 1930இல் பெர்லினில் பிறந்தவர். அப்பா எரிக் க்ளைபர் பெரிய கண்டக்டர். 1925இல் ஆல்பன் பெர்கின் ‘வோட்செக்’ ஆப்பராவை (பாட்டிலேயே நடக்கும் நாடகம்) முதன்முதலாக மேடையேற்றியவர். நாஜிகளோடு ஒத்துப்போக மாட்டேன் என்று 1934இல் பெர்லின் பதவியை உதறினார், குடும்பம் தென்னமெரிக்காவுக்குப் போனது. பையன் சூரிச்சில் வேதியியல் படிக்கப்போய், அதை விட்டுவிட்டு இசைக்கு வந்தார். போட்ஸ்டாமில் முதல் மேடை, அதுவும் கார்ல் கெல்லர் என்ற புனைபெயரில். 2004இல் இறக்கும்வரை அவர் நடத்திய கச்சேரிகள் நூறுகூடத் தேறாது. ஆப்பரா இரவுகள் சில நூறு வரும் என்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். 1989இல் தலைமைக் கண்டக்டர் கராயனுக்குப் பிறகு பெர்லின் ஃபில்ஹார்மோனிக் அவரைத் தேடிவந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புதிதாகப் பார்ப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பதிவுகள் கொஞ்சம்தான், அதனால் எதை விடுவது எதைப் பார்ப்பது என்று திண்டாட வேண்டாம்.

முதலில் கருவிகளைச் சரிசெய்யுங்கள்

இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதில் ஒலி ஒரு கணம் பிந்தி வரும். பாட்டு கேட்கும்போது தெரியாது. கண்டக்டரைப் பார்க்கும்போது அந்த ஒரு கணம்தான் எல்லாமே. வயர் உள்ள ஹெட்போன், இல்லாவிட்டால் டிவியின் சொந்த ஸ்பீக்கரே போதும். யூடியூபில் யாரோ ஏற்றிய பிரதிகளில் படமும் ஒலியும் விலகியிருப்பது சகஜம். கேமரா டிம்பனி (பெரிய முரசு) அடிப்பவரைக் காட்டும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள்: குச்சி தோலில் படுவதும் சத்தமும் ஒன்றாக வருகிறதா? வராவிட்டால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள். முறையாக வெளியான டிஸ்க்குகள் கிடைத்தால் அதுதான் உத்தமம்.

ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் நோட்ஸும் ஒன்றாக அச்சான புத்தகம்) படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஐஎம்எஸ்எல்பி தளத்தில் பீத்தோவன், பிராம்ஸ் எல்லாம் இலவசமாகவே இருக்கிறது. தெரியாதவர்களுக்கு அது தேவையே இல்லை.

ஒலிக்கு முன்னால் போகும் கை

முதல் பாடம் பீத்தோவனின் ‘கோரியோலான்’ முகப்பிசை. 1996இல் ம்யூனிக்கின் ஹெர்குலஸ் மண்டபத்தில் பவேரிய ஸ்டேட் ஆர்கெஸ்ட்ராவோடு எடுத்த படம். எட்டு நிமிஷம்போல் ஆகும். தொடக்கம் இப்படி: தந்தி வாத்தியங்கள் எல்லாம் ஒரே சுரத்தை முழு பலத்தோடு இழுத்துப் பிடிக்கும், சட்டென்று மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒரு குறுகிய அடி, பிறகு வெறும் நிசப்தம். இதுவே மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேறு அடி.

இந்த ஆரம்பத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடுங்கள். முதல் தடவை சாதாரணமாக. இரண்டாம் தடவை ம்யூட்டில், அடி எப்போது விழும் என்று கையைப் பார்த்தே ஊகித்து மேஜையைத் தட்டுங்கள். மூன்றாம் தடவை ஒலியோடு பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும்: கை காட்டியதற்கும் சத்தம் வந்ததற்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறது. அவர் கையில் இருப்பது இன்னும் வராத ஒலி. அடி எவ்வளவு கனமாக விழும், எவ்வளவு சீக்கிரம் அறுந்துபோகும் என்பதெல்லாம் கை மேலே எழும்போதே தீர்மானமாகிவிடுகிறது. கீழே இறங்குவது வெறும் சடங்கு.

எங்கள் தொழிலில் டேக் ஆரம்பிக்கும்போது காதில் தாளம் காட்டும் நாலு கிளிக் விழும். ஐந்தாவதில் வில்லைப் போட்டால் சரி. அவர்களுக்கு அந்த நாலு கிளிக்கும் அந்த ஒரு கை எழும்பலுக்குள் இருக்கிறது. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பனியில் இது இன்னும் கொடுமை. எல்லாருக்கும் தெரிந்த அந்த ‘டடட டாம்’ அடிமேல் தொடங்குவதில்லை. முதலில் சின்ன வெற்றிடம், அதன் பிறகுதான் முதல் சுரம். சமத்தில் எடுக்காமல் அரை இடம் தள்ளி எடுக்கிற பல்லவி மாதிரி. பல்லவியிலாவது தாளம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். இங்கே தாளமே இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் எடுப்பு. வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு க்ளைபர் 1974இல் பதிவுசெய்த ஐந்தாவதைக் கேட்டால், அத்தனை பேரும் அந்த இடத்தில் ஒரே ஆளாக நுழைவது கேட்கும்.

ஒத்திகைப் படம்

1970இல் ஸ்டுட்கார்ட் வானொலி ஆர்கெஸ்ட்ராவோடு க்ளைபர் நடத்திய ஒத்திகையின் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது: வெபரின் ‘ஃப்ரைஷுட்ஸ்’, யோஹான் ஸ்ட்ராஸின் ‘ஃப்ளெடர்மௌஸ்’ என்று இரண்டு ஆப்பராக்களின் முகப்பிசை. நாற்பதை ஒட்டிய வயது, ஒல்லி உடம்பு, வாய் ஓயாத பேச்சு. ஜெர்மன் தெரியாவிட்டாலும் சப்டைட்டிலோடு பாருங்கள். ‘இங்கே கொஞ்சம் மெதுவாக’, ‘அங்கே கொஞ்சம் சத்தமாக’ என்று சொல்வதோடு விடுகிற ஆள் இல்லை அவர். கதை சொல்வார், படம் காட்டுவார், பேயைப் பற்றிப் பேசுவார். சில வாத்தியக்காரர்களின் முகத்தில் ‘இவன் வேறு’ என்ற சலிப்பு அப்பட்டமாகத் தெரியும். எந்த ஊர் செஷனிலும் நான் பார்த்த அதே முகம்!

‘ஃப்ரைஷுட்ஸ்’ முகப்பிசையில் நாலு ஹார்ன்கள் (பித்தளை ஊது வாத்தியம்) காட்டின் அமைதியை வாசித்து முடித்ததும், தந்திகள் நடுங்க, டிம்பனி அடியின்மேல் விழாமல் தள்ளித் தள்ளி விழும் ஒரு இருண்ட பகுதி வரும். சைத்தான் சமியேலின் இடம் அது. அந்த இடத்துக்கு அவர் ஒத்திகையில் என்ன கேட்கிறார், கடைசியில் முழுதாக வாசிக்கும்போது என்ன கிடைக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்திகையில் நூறு வார்த்தையில் சொன்னதைக் கச்சேரியில் ஒரு தோள் அசைவில் நினைவூட்டுவார். இதைப் பார்த்துவிட்டால் ‘குச்சி எதற்கு’ என்ற கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

ஆம்ஸ்டர்டாம் 1983

இப்போது பிரதான உருப்படி. ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபௌ மண்டபத்தில், அதன் ஆர்கெஸ்ட்ராவோடு, பீத்தோவனின் நாலாவது சிம்பனியும் ஏழாவதும். அந்த மண்டபத்தில் கண்டக்டர் பின்னாலிருந்து நீண்ட படிக்கட்டில் இறங்கி வர வேண்டும். அந்த நடையையும் பாருங்கள், காசு கொடுத்ததற்கு அதுவும் சேர்த்திதான்.

உட்காரும் வரிசையைக் கவனியுங்கள். பல ஆர்கெஸ்ட்ராக்களில் ஃபர்ஸ்ட் வயலினும் செகண்ட் வயலினும் இடது பக்கமாக ஒட்டி உட்கார்வார்கள். க்ளைபர் செகண்ட் வயலினை வலது பக்கம், ஃபர்ஸ்டுக்கு நேர் எதிரே உட்கார வைப்பார். வயலின்களை இப்படிப் பிரித்து வைப்பது பீத்தோவன் காலத்து வழக்கம். செகண்ட் வயலின்காரனாக இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருக்கிறது. ஒட்டி உட்கார்ந்தால் நாங்கள் வாசிப்பது ஃபர்ஸ்டின் நிழல் மாதிரிக் கரைந்துபோகும். எதிரே உட்கார்ந்தால் அது பதில் பேச்சாகிறது. ஏழாவதின் கடைசிப் பகுதியில் இரண்டு கூட்டமும் ஒரு வாக்கியத்தை மாற்றி மாற்றி எறிந்துகொள்ளும் இடங்களை ஹெட்போனில் கேளுங்கள், ஒலி இடதுக்கும் வலதுக்கும் பந்தாகப் போய்வரும்.

நாலாவதிலிருந்து தொடங்குவோம். இரண்டாம் பகுதி, அடாஜியோ, அதாவது மெதுவான நடை. ஆரம்பத்தில் செகண்ட் வயலின் மட்டும் தனியாக, நொண்டி நடைபோல் ஒரு சின்ன தாளத் துணுக்கை ஆட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஃபர்ஸ்ட் வயலின் பாட வரும். கேட்பவர் மனசு பாட்டின் பின்னால் போய்விடும். நீங்கள் போகாதீர்கள், துணுக்கிலேயே இருங்கள். 1982இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு இதே சிம்பனியின் ஒத்திகையில், இதே இடத்தில்தான் பெரிய ரகளை. ‘தெ-ரே-ஸ, தெ-ரே-ஸ’ என்று ஒரு பெண் பெயரைச் சொல்கிற மாதிரி வாசியுங்கள் என்று கேட்டார் க்ளைபர். நீங்கள் வாசிப்பது ‘ம-ரீ, ம-ரீ’ மாதிரி இருக்கிறது என்றார். திரும்பத் திரும்பச் சொல்லியும் அவருக்குத் திருப்தி வரவில்லை. குச்சியைப் போட்டுவிட்டு மண்டபத்தைவிட்டு வெளியேறி, ஊரைவிட்டே போய்விட்டார். கச்சேரிக்கு வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று. மறு வருஷம் ஆம்ஸ்டர்டாமில் எடுத்ததுதான் இந்தப் படம். மூன்று அசையில் ஒன்றுகூட விழுங்கப்படாமல் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்த மாதிரி நொண்டித் தாளத்தை வாசிக்கும்போது குட்டிச் சுரம் அமுங்கிப்போவது வயலின்காரர்களின் பொது வியாதி, எனக்கும் உண்டு. அதற்காக ஊரைவிட்டுப் போகலாமா என்பது வேறு விஷயம். வாசித்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏழாவதில் முதல் பகுதியின் நீண்ட முன்னுரையை அப்படியே கேட்டுக்கொண்டு வாருங்கள். அதன் முடிவில் ஒரே சுரத்தைப் புல்லாங்குழல் கூட்டமும் வயலின் கூட்டமும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருக்கும். ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். கண்டக்டருக்கு இது கண்டம். அந்த ஒற்றைச் சுரத்திலிருந்து ஆறு-எட்டு தாளத்தின் துள்ளல் பிறக்க வேண்டும், தையல் தெரியக் கூடாது. இந்த இடத்தில் அவர் முகத்தைப் பாருங்கள், கையை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் பகுதி ‘தாம் – தக – தாம் – தாம்’ என்ற ஒரே நடையில் போகிறது. முதலில் வியோலா, செல்லோ, பேஸ் (வயலினைவிடப் பெரிய, கனத்த குரல் தந்தி வாத்தியங்கள்), பிறகு செகண்ட் வயலின், அதற்கப்புறம்தான் ஃபர்ஸ்ட். கீழிருந்து மேலே மாடி மாடியாக ஏறும். கேமரா எங்கே போனாலும் உங்கள் காது அடுத்து யார் வரப்போகிறார்கள் என்று காத்திருக்கட்டும். பகுதியின் கடைசி வரிகளில் வில்லை எடுத்து வாசிக்கும்படிதான் அச்சான நோட்ஸில் பொதுவாக இருக்கும். க்ளைபர் விரலால் மீட்டுவதையே கடைசிவரை தொடரச் சொல்கிறார். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். பலருக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

கடைசிப் பகுதிதான் விருந்து. இரண்டு அடித் தாளம். கனமான அழுத்தம் இரண்டாவது அடியில். வேகம் எக்கச்சக்கம். இங்கே உங்களுக்கு ஒரே வேலை: அவர் எப்போது தாளம் போடுவதை நிறுத்துகிறார் என்று பாருங்கள். நிறுத்துவார். இடது கையைப் பின்னால் கொண்டுபோய் மேடைக் கம்பியைப் பிடித்துக்கொள்வார், வலது கை ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரே ஒரு வட்டம் போடும், சில சமயம் அதுவும் கிடையாது. ஆர்கெஸ்ட்ரா பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். தாளம் அவர்களிடமே பத்திரமாக இருக்கிறது, அதை அவர் காவல் காக்கத் தேவையில்லை. பிறகு அடுத்த வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், எல்லாருக்கும் முன்னால், அவர் உடம்பு அங்கே போயிருக்கும். கோடாவில் (முடிவுப் பகுதி) செல்லோவும் பேஸும் இரண்டே சுரத்தை அரைத்துக்கொண்டே இருக்க, மேலே பதற்றம் ஏறி, பீத்தோவன் அபூர்வமாக எழுதும் மூன்று எஃப் (மிக மிகப் பலமாக என்ற குறி) வருகிறது. அந்தப் பலத்தை அவர் முன்கூட்டியே செலவழித்துவிடாமல் எங்கே சேமிக்கிறார் என்பதை ம்யூட்டில் ஒரு தடவை பார்த்தால் புரியும்.

ஒரு எச்சரிக்கை. கேமரா கண்டக்டருக்கு எதிரே இருக்கும்போது இடம் வலம் மாறித் தெரியும். நாலு அடித் தாளத்தில் அவர் கை கீழே, இடது, வலது, மேலே என்று போகும். உங்களுக்குக் கீழே, வலது, இடது, மேலே என்று தெரியும். க்ளைபரிடம் இந்தப் பாடப்புத்தகக் கட்டம் அடிக்கடி தென்படாது, ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள்.

வியன்னாவின் புத்தாண்டுக் கச்சேரிகளை (1989, 1992) இளைப்பாறலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வால்ட்ஸ் என்ற மூன்று அடி நடன இசையில் இரண்டாவது அடி ஒரு துளி முந்தி விழுவது வியன்னாக்காரர்களின் ஊர்ப் பேச்சு. அதை யாரும் எண்ணிச் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால் அவர் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மற்ற இரண்டையும் அவர்களிடம் விட்டுவிடுகிறார். 1989இல் குயில் கூவும் ‘இம் க்ராப்ஃபன்வால்டல்’ போல்காவைக் குழந்தைகளோடு பாருங்கள்.

ஆப்பராவுக்கு வேறு கண்

ஆப்பராவில் கண்டக்டர், மேடைக்கு முன்னால் ஆர்கெஸ்ட்ரா உட்காரும் குழிக்குள் போய்விடுவார். வீடியோவிலும் திரை விலகிய பிறகு கேமரா பாடகர்களைத்தான் காட்டும். அதனால் இங்கே முறையை மாற்ற வேண்டும். அவரை முகப்பிசையில் கண்ணால் படித்துக்கொண்டு, பிறகு காதால் தேட வேண்டும்.

ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘ரோசன்கவலியர்’ இதற்குத் தோது. க்ளைபரின் இரண்டு வீடியோக்கள் இருக்கின்றன: 1979 ம்யூனிக், 1994 வியன்னா. இரண்டிலும் மேடை இயக்கம் ஓட்டோ ஷெங்க். ம்யூனிக்கில் க்வினெத் ஜோன்ஸ், பிரிகிட்டே ஃபாஸ்பேண்டர், லூசியா போப். வியன்னாவில் ஃபெலிசிட்டி லாட், ஆன் சோஃபி வான் ஓட்டர், பார்பரா போனி. முதலில் ம்யூனிக்கைப் பாருங்கள். திரை விலகுமுன் வரும் இசை ஒரு காதல் இரவு, மறைக்கவே இல்லை. ஹார்ன்கள் கூவி உச்சத்துக்குப் போய்ச் சரியும். அந்தச் சரிவில் அவர் கைகள் எப்படி மெல்ல அடங்குகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு குழியை மறந்துவிடலாம்.

மூன்று இடங்களுக்குக் காதைத் தீட்டி வையுங்கள். முதல் அங்கத்தில் மார்ஷலின் என்ற நாயகி காலத்தைப் பற்றிப் பாடும்போது ஹார்ப்பும் செலஸ்டாவும் (மணிச் சத்தம் தரும் கீபோர்டு) கடிகாரம்போல் மணி தட்டும். இரண்டாம் அங்கத்தில் வெள்ளி ரோஜாவைக் கொடுக்கும் இடம். மூன்றாம் அங்கத்தின் முடிவில் மூன்று பெண் குரல்களும் சேரும் பகுதி. மூன்றாவதுதான் கடினம்: மூவருக்கும் மூச்சு தீரும் இடம் வேறு வேறு, கீழே ஆர்கெஸ்ட்ராவுக்கு மூச்சே தேவையில்லை. பாடகி மூச்செடுக்கும் அந்தக் கணத்தில் வயலின்கள் கண்ணுக்குத் தெரியாமல் நீள்கிறதா, அல்லது அவளை இழுத்துக்கொண்டு ஓடுகிறதா? இதே பகுதியை 1994 பதிவில் உடனே போட்டுப் பாருங்கள். பாடகிகள் வேறு, பதினைந்து வருஷம் கழிந்திருக்கிறது. நீளும் இடங்களும் வேறாகத்தான் இருக்கும். அந்த வருஷம் அக்டோபரில் வியன்னாக் குழுவோடு டோக்கியோ போய் இதே ஆப்பராவை நடத்தினார். அதற்குப் பிறகு ஆப்பரா நடத்தவே இல்லை.

வெர்டியின் ‘லா ட்ராவியாடா’வை (ம்யூனிக், 1976-77, கோட்ருபாஸ், டொமிங்கோ, மில்ன்ஸ்) கேட்க மட்டும்தான் முடியும், படம் இல்லை. இதில் செகண்ட் வயலின், வியோலாக்காரர்களுக்குப் பெரும்பாலும் ‘ஊம்-சக்-சக்’ வேலைதான். வாசிப்பவனுக்குத் தூக்கம் வரும் வேலை. க்ளைபர் பதிவில் அந்தச் சக்-சக்கை மட்டும் கேளுங்கள். பாடகியின் மனசு மாறும்போதெல்லாம் அதுவும் கூடவே இறுகும், தளரும்.

1976 டிசம்பர் 7இல் மிலனின் லா ஸ்காலாவில் நடத்திய ‘ஓட்டெல்லோ’ தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது. கிடைக்கும் பிரதிகளில் படம் சுமார்தான், ஆனாலும் அந்த ஆரம்பப் புயல் காட்சிக்காகப் பார்க்கலாம். ‘கார்மென்’ (வியன்னா, 1978) படத்தில் முகப்பிசை ஒன்று போதும், தலை கிறுகிறுக்கும்.

வாக்னரின் ‘ட்ரிஸ்டன் உண்ட் இசோல்ட’ ஆப்பராவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1974 முதல் 76 வரை பைரோய்ட்டில், வாக்னர் கட்டிய அரங்கில், நடத்தியிருக்கிறார். அங்கே குழி மூடியிருக்கும், பார்வையாளர் யாரும் கண்டக்டரைப் பார்க்க முடியாது. மேடைக்குப் பின்னால் இருப்பவர்களுக்காகக் குழிக்குள் வைத்த கேமராவின் கறுப்பு வெள்ளைத் துண்டுகள் மட்டும் உலவுகின்றன. கிடைத்தால் விடாதீர்கள். பாடகர்களை மறந்து அவரை மட்டுமே பார்க்கிற வாய்ப்பு வேறெங்கும் இல்லை. ட்ரெஸ்டன் நகரில் 1980-82இல் இதே ஆப்பராவுக்குச் செய்த ஸ்டுடியோப் பதிவின்போது வேலை முழுதாக முடியும் முன்பே கோபித்துக்கொண்டு போய்விட்டார்; எடுத்திருந்ததை வைத்துத்தான் ஆல்பம் வந்தது. இசோல்டயாகப் பாடிய மார்கரெட் பிரைஸ் அந்தப் பாத்திரத்தை மேடையில் பாடியதே இல்லை.

அந்தப் பதிவு நாலு மணி நேரத்தை ஒட்டி வரும், ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை. அங்கத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அங்கத்தில் இடையனின் குழலாக இங்கிலீஷ் ஹார்ன் ஒற்றையாக வெகுநேரம் வாசிக்கும், கூட ஆர்கெஸ்ட்ராவும் இருக்காது, குச்சிக்கும் வேலை இருக்காது. அது முடிந்து தந்திகள் மறுபடி நுழையும் இடத்தை மட்டும் இரண்டு தடவை கேளுங்கள்.